கரையிறங்குவோன் கடன்

உல்லாசக் கப்பலொன்று துறைமுகத்தை அடைந்ததும் அதன் பயணிகள் இரு பிரிவினராகின்றனர். ஒரு சாரார் கப்பற் கம்பனி ஒழுங்கு செய்த சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பணம் செலுத்தி, இலக்கமிடப்பட்ட பஸ் வண்டிகளில் ஏறி, வழிகாட்டியின் பின்னே செல்கின்றனர். மறுசாரார் எவருடைய ஏற்பாடுமின்றித் துறைமுக வாயிலைக் கடந்து தாம் விரும்பிய திசையிற் செல்கின்றனர். இவ்விரு வழிகளுள் எது சிக்கனமானது, எது வசதியானது என்பன பயண முகவர்கள் ஆராய வேண்டியவை. எமக்குரிய வினா வேறு. அந்நிய ஊரொன்றில் எட்டு மணி நேரம் தங்க வருபவன் அவ்வூருக்கு ஏதேனும் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவனாயின், மேற்கூறிய வழிகளுள் எது அக்கடமைக்கு அண்மையிலுள்ளது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூல்களின் வழியாக வந்ததன்று. எனது தாய்மாமன் கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையில் முச்சக்கர வண்டி செலுத்துபவர். கப்பல் வரும் நாட்களில் அதிகாலையிலேயே வாயிலருகே சென்று காத்து நிற்பார். முதலில் குளிரூட்டப்பட்ட பஸ் வண்டிகள் வரிசையாக வெளியேறும். சில பின்னவலைக்கும், சில காலிக்கும், சில காலிமுகத்திடல், கங்காராமை முதலிய இடங்களுக்கும் செல்லும். அவற்றின் பின்னர், கையில் வரைபடத்துடன் தயங்கித் தயங்கி வெளிவரும் சிலரையே மாமாவும் அவரது தோழர்களும் எதிர்பார்த்து நிற்பர். விடுமுறைக் காலங்களில் அவருடன் நின்று இக்காட்சியைப் பலமுறை கண்டிருக்கின்றேன்.

தனித்துச் செல்வோர் பக்கம் முதலில் நோக்குவோம். அறிவொளி என்பது யாது என்ற வினாவுக்கு 1784 இல் விடையளித்த ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவல் கான்ற், பிறருடைய வழிகாட்டலின்றித் தன் அறிவைப் பயன்படுத்த இயலாத நிலையை மனிதன் தானே தேடிக்கொண்ட முதிராமை என வருணித்தார். சிந்திக்கும் பொறுப்பைப் பணங்கொடுத்து மற்றவரிடம் ஒப்படைத்துவிடுவது சுகமானது என்பதையும் அவர் சுட்டிக்காட்டத் தவறவில்லை. பஸ் வண்டியிற் செல்பவன் எதனைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பவற்றையெல்லாம் பிறரிடம் ஒப்படைத்துவிடுகின்றான். அமெரிக்க வரலாற்றாசிரியர் டானியல் பூர்ஸ்ரின் 1962 இல் வெளியிட்ட தமது நூலிலே பயணி வேறு, சுற்றுலாக்காரன் வேறு எனப் பிரித்துக் காட்டினார். பயணி அனுபவத்தைத் தேடி உழைப்பவன். சுற்றுலாக்காரனோ அது தன்னிடம் வந்து சேர வேண்டுமென எதிர்பார்ப்பவன் என்பது அவர் கருத்து. புறக்கோட்டையின் சந்தடியில் வழிதவறி, 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறப் பள்ளிவாசலின் முன் தற்செயலாக வந்து நிற்பவன் அடையும் வியப்பு, அதே பள்ளிவாசலைப் பஸ்ஸின் கண்ணாடியூடாக நோக்கி, அடுத்த கணம் மறந்துவிடுபவனுக்குக் கிட்டுவதில்லை.

ஆயினும் இவ்வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொள்ளத் தடைகள் உள. 1841 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தோமஸ் குக் என்பவர் லெஸ்ரர் நகரிலிருந்து லவ்பரோ நகருக்கு ஏறக்குறைய ஐந்நூறு பேரைப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். ஆளுக்கு ஒரு சிலிங் கட்டணம். நவீன சுற்றுலாவின் தொடக்கங்களுள் ஒன்றாக இது பேசப்படுகின்றது. வழிகாட்டப்பட்ட பயணத்தை இகழ்வோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். தனித்துப் பயணஞ் செய்யும் சுதந்திரம் அக்காலத்திற் செல்வந்தருக்கே உரியதாயிருந்தது. குக் போன்றோர் ஒழுங்கு செய்த பயணங்களே தொழிலாளரையும், தனித்துச் செல்லத் தயங்கிய பெண்களையும் ஊர்விட்டு ஊர் செல்ல வைத்தன. இன்றும் முதியோர், நோயுற்றோர், நடக்க இயலாதோர் ஆகியோருக்குப் பஸ் வண்டியே உலகத்தின் கதவாக அமைகின்றது. அவர்களை முதிராதோர் என எவ்வாறு கூறலாம்? மேலும், கான்ற் தாமே கோனிக்ஸ்பேர்க் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டுத் தூரதேசம் சென்றவரல்லர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அறிவின் முதிர்ச்சியைக் கால்களைக் கொண்டு அளத்தல் பொருந்தாது.

தனித்துச் செல்பவனின் பணம் ஏழைகளைச் சென்றடைகின்றது என்னும் வாதமும் அவ்வளவு எளிதானதன்று. கம்பனி விற்கும் சுற்றுலாவின் விலையில் ஒரு பங்கு கம்பனிக்கே செல்கின்றது என்பது மெய். ஆனால் அப்பஸ்ஸின் சாரதியும் வழிகாட்டியும் இந்நாட்டவரே. மறுபுறம், எனது மாமா பயணிகளை இரத்தினக்கல் வியாபார நிலையத்துக்கு அழைத்துச் சென்று தரகு பெற்றதுண்டு. அதனை அவர் மறைப்பதுமில்லை. ஊரவர் நல்லவர், கம்பனி தீயது என்று கோடு கிழிப்பது உண்மைக்குப் புறம்பானதாகும்.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது? கப்பற் கம்பனி விற்கும் பொருள் யாது என்பதை நோக்கினால் இது புலனாகும். கம்பனியின் சுற்றுலா தாமதமானாற் கப்பல் காத்திருக்கும். இல்லையேல், பயணிகளை அடுத்த துறைமுகத்திற் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைக் கம்பனி ஏற்கும். தனித்துச் சென்றவன் தாமதித்தாற் பொதுவாகக் கப்பல் அவனை விட்டுச் சென்றுவிடும். எனவே விற்கப்படுவது காட்சியன்று. ஊரவரிடம் தங்கியிராமை என்னும் பாதுகாப்பே விற்கப்படுகின்றது. சுதந்திரமாகச் செல்பவன் எனப்படுபவனோ உண்மையிற் பிறரிற் பெரிதும் தங்கி நிற்பவன். வழி கேட்க வேண்டும். கேட்டதை நம்ப வேண்டும். மொழி தெரியாத சாரதியொருவரின் நேர்மையிலும் நிதானத்திலும் தன் மாலைப் பொழுதை ஒப்படைக்க வேண்டும். அவனது சுதந்திரம் கப்பலிலிருந்து பெற்ற சுதந்திரமேயன்றி மனிதரிடமிருந்து பெற்றதன்று. அவன் செல்லும் வழியின் மேன்மை இத்தங்கியிருத்தலிலேயே உள்ளதென்பது என் துணிபு.

பழந்தமிழில் விருந்து என்னும் சொல் புதுமையையும் புதியவரையும் குறித்தது. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்து புறந்தருவோனின் ஒழுக்கத்தை விரித்துரைக்கின்றது. புதிதாய் வந்தவனின் ஒழுக்கம் யாது என்பதை நாம் அரிதாகவே வினவுகின்றோம். கான்ற் 1795 இல் எழுதிய நிரந்தர சமாதானம் பற்றிய நூலில், பூமியின் மேற்பரப்பு மனிதர் யாவர்க்கும் பொதுவாதலின் அந்நியனுக்கு வருகை தரும் உரிமையுண்டு என்றார். விருந்தினனாகத் தங்கும் உரிமையோ அவனுக்கு இயல்பாக இல்லை. வருகை என்ற பெயரிற் சென்று நாடுகளை வென்ற ஐரோப்பிய வணிக அரசுகளையும் அவர் அங்கு வன்மையாகக் கண்டித்தார். 1505 இற் போர்த்துக்கீசரையும், 1656 இல் ஒல்லாந்தரையும், 1796 இல் ஆங்கிலேயரையும் கண்ட கொழும்புக்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வுரிமை இன்று யாவர்க்கும் சமமாக உள்ளதா? கப்பலில் வருபவர் காலையில் இறங்கி மாலையில் ஏறிச் செல்கின்றார். அவர் ஊரைக் காண எனது மாமா விரும்பினால், வங்கிக் கணக்கையும் தொழிற் சான்றையும் காட்டி, திரும்பி வந்துவிடுவேன் என நிறுவி, மறுக்கப்படுவதற்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஊர்களின் பொறுமைக்கும் எல்லையுண்டு. 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் வெனிஸ் நகரின் மையக் கால்வாய்களிற் பெருங்கப்பல்கள் செல்வதை இத்தாலிய அரசு தடைசெய்தது. கப்பல்களின் பெருக்கம் அந்நகருக்குத் தாங்கொணாச் சுமையானபோது, அவற்றிலிருந்து இறங்கியோர் பஸ்ஸிற் சென்றனரா, நடந்து சென்றனரா என்ற வேறுபாடு அச்சுமையைக் குறைக்கவில்லை.

ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு முடிக்க விரும்புகின்றேன். சில வருடங்களுக்கு முன் வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் மாமாவின் வண்டியை ஒரு நாளைக்கு வாடகைக்கு அமர்த்தினர். களனி விகாரையைக் கண்டபின் மேலும் இரண்டு இடங்களுக்குச் செல்ல விரும்பினர். மழை தொடங்கியிருந்தது, மாலை நெரிசலை மாமா அறிவார். அவர் மறுத்து, வண்டியைத் துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். அவர்கள் சினந்தனர். பேசிய தொகையில் ஒரு பகுதியைக் குறைத்தே கொடுத்துச் சென்றனர். கப்பலேறுவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் எஞ்சியிருந்தது. நான் மாமாவிடம் காரணம் கேட்டேன். "கப்பல் அவையளுக்காக நிக்காது தம்பி. விட்டுட்டுப் போனா அந்தப் பழி எனக்குத்தான்" என்றார்.

கம்பனி ஏற்காத பொறுப்பை, எவ்வித உடன்படிக்கையுமின்றி, அன்று ஏற்றவர் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதி. அவ்விருவரும் தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணிச் சென்றிருப்பர். அவர்கள் மீது குற்றஞ் சுமத்தவும் என்னால் இயலவில்லை. தரகுக்காகத் திருப்பப்படும் வண்டிகளும் இவ்வூரில் உள்ளனவே. தனித்துச் செல்லும் துணிவு அவர்களிடம் இருந்தது. தங்கி நிற்கிறோம் என்ற உணர்வு இருக்கவில்லை. அவ்வுணர்வின்றேல் தனி வழியும் ஒரு கொள்வனவே. அஃது உள்ளவன் கம்பனியின் பஸ்ஸிற் சென்றாலும், தன்னைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த சாரதியின் முகத்தை ஒருமுறை நோக்குவான்.

ஆதலின் கரையிறங்குவோனின் முதற்கடன், தான் சில மணி நேரம் பிறர் பொறுப்பில் இருக்கின்றேன் என்பதை ஏற்றுக்கொள்வதேயாகும். தனித்துச் செல்லும் வழி அதனைக் கற்பதற்கு அதிக வாய்ப்பளிக்கின்றது. கற்றுவிடுவான் என்பதற்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. எம்மிற் பலரும் மேற்படிப்பையோ தொழிலையோ நாடி ஒருநாள் அந்நியத் துறைகளில் இறங்குவோம். அன்று எமக்கு வழி சொல்பவரை நாம் எவ்வாறு நம்பப் போகின்றோம் என்பதை இன்றே சிந்தித்தல் நன்று.