காணவில்லை என்னும் சாட்சியம்

பொய் பகரலாகாது என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், "நான் ஒன்றும் காணவில்லை" என்று ஒருவன் கூறுங்கால், அது மெய்யோ பொய்யோ என்று நாம் ஆராய்வதுண்டோ? இவ்வினாவை நமக்கு எழுப்பியது வானநூல்.

சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்கள் பல்லாயிரம். அவற்றுள் ஒன்று சிற்சில வேளை ஒரு நட்சத்திரத்திற்கும் நமக்கும் இடையே வந்து, சில விநாடிகள் அதன் ஒளியை மறைக்கும். ராகு கேதுக்களுக்கு இங்கே வேலையில்லை. இது வெறும் நிழல். நட்சத்திரம் மிகமிகத் தொலைவிலிருப்பதால், பூமியில் விழும் அந்நிழல் ஏறக்குறையச் சிறுகோளின் அகலமே இருக்கும். மறைவு நீடித்த காலத்தை நிழலின் வேகத்தால் பெருக்கினால், கோளின் குறுக்களவு ஒன்று கிடைத்துவிடும். விநாடிக்கு 20 கிலோமீட்டர் ஓடும் நிழல் பீடோரிலிருந்து ஈப்போவை மூன்று நான்கு விநாடிகளில் எட்டிவிடுமாதலின், கடிகாரம் பிசகினால் கணக்கும் பிசகும். 1961 அக்டோபர் 2-இல் பல்லாஸ் என்னும் சிறுகோள் இவ்வாறு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை இந்தியாவில் நைனிதால் வானாய்வுக்கூடத்தார் கண்டு குறித்தனர்.

ஒருவர் அளவால் கோளின் உருவம் விளங்காது. நிழற்பாதைக்குக் குறுக்கே பல ஊர்களில் பலர் விழித்திருத்தல் வேண்டும். வீட்டுப் புழக்கடையில் தொலைநோக்கி வைத்திருப்பவரும் இப்பணிக்கு உதவுவர். தாப்பாவிலிருப்பவர் நட்சத்திரம் மறையக் கண்டு, பீடோரிலிருப்பவர் அது மறையாது நிற்கக் கண்டால், நிழலின் விளிம்பு இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே சென்றதென்று துணியலாம். பீடோர்க்காரர் வெறுங்கையோடு எழுந்தார் என்று எண்ணற்க. அவரது 'மறையவில்லை' இல்லாவிடில், தாப்பாக்காரர் கண்டதற்கு எல்லை ஏது?

ஆயினும், நமது பீடோர் மலையோரத்து ஊர். மழைக்கும் மேகத்திற்கும் குறைவில்லை. மேகம் மூடிய இரவில் அவர் எழுதவேண்டியது 'மறையவில்லை' என்பதன்று. 'மேகம், பார்க்க இயலவில்லை' என்பதே. கண்ணயர்ந்துவிட்டாராயின் அதனையும் எழுதுதல் வேண்டும். எழுதக் கை கூசும்! நள்ளிரவில், தனித்த புழக்கடையில், அவர் மாற்றி எழுதினால் அறிவார் யார்? ஆனால் அவ்வொரு சொல்லால் கோளின் விளிம்பு பொய்யான இடத்தில் வரையப்பட்டுவிடும்.

கண்டதைக் கண்டவாறு குறித்தவர்க்கு, கருத்துத் தவறினும் இழுக்கில்லை. 1977 மார்ச் 10-இல் தமிழ்நாட்டு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் பட்டாச்சாரியா, குப்புசாமி என்னும் இருவர், யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை நெருங்குவதை நோக்கியிருந்தனர். கிரகத்திற்கு அப்பாலேயே ஒளி சில விநாடிகள் குன்றிற்று. புதிய சந்திரன் ஒன்றின் செயல் அது எனக் கருதி வெளியிட்டனர். விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்கர், கிரகத்தின் இரு பக்கத்திலும் அத்தகைய குறைவுகளைக் கண்டமையால், அவை வளையங்கள் என்பது தெளிவாயிற்று. சந்திரன் என்ற கருத்துத் தவறிற்று. ஒளி குன்றியதென்ற குறிப்பு இன்றும் நிற்கின்றது.

தோட்டத்தில் வளர்ந்த நேயர்கள் பழைய ஆபீசு விசாரணைகளை மறந்திரார். "அடித்ததைப் பார்த்தாயா?" என்று துரை கேட்பார். "பார்க்கவில்லை, ஐயா" என்பர். அருகே நின்று அடி விழாததை அறிந்தவனும், பால் எடுக்க வேறு நிரைக்குப் போயிருந்தவனும், கண்டும் கங்காணிக்கு அஞ்சியவனும் சொன்னது அவ்வொரு சொல்லே. அஞ்சியவனைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. வேலையோடு லயத்து வீடும் போய்விடுமே! எனினும் மூன்று சொற்களும் ஒன்றாகவே எண்ணப்பட்டு, அடிபட்டவனுக்கு எதிராய் நின்றன. "நீ அங்கே இருந்தாயா?" என்று முதலில் கேட்டவர் எத்துணைப் பேர்?