அந்தச் சொல்லை அடி, தோட்டத்தைத் தொடாதே

பைதன் என்ற கணினி மொழியைப் படிக்கத் தொடங்குகிறவருக்குச் சீக்கிரமே ஒரு பயிற்சி வந்து சேரும். பாவனையாளர் ஒரு வாக்கியத்தைத் தட்டுவார். அதில் வேண்டாத சொல் இருந்தால் நட்சத்திரக் குறி போட்டு மறைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இது ஐந்தாறு வரி வேலை. வாக்கியத்தை இடைவெளி பார்த்துப் பிரி, ஒவ்வொரு சொல்லையும் பட்டியலோடு ஒப்பிடு, பொருந்தினால் மறை. அதே செய்நிரலைத் தமிழுக்குக் கொண்டுவா, மண்ணைக் கவ்வும்! பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு உயர்தரத்துக்கு ஐ.சி.டி. படிக்கிற தம்பி, தங்கச்சி, அதைத் தூக்கி நிறுத்த உன்னால் முடியும். உன்னைவிடத் தகுதியானவர் யார் என்றே கேட்கிறேன்.

பட்டியலில் எந்தச் சொல் போக வேண்டும் என்று கணினிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்ற சொற்களுக்குப் பொருள் தேடி நீ அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. உன் பாட்டன் காலம் தொட்டு அவை உன் வாசலில் வந்து விழுந்தவை. 1948இல் இலங்கையின் ஒரு சட்டம் மலையகத் தமிழரான நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். வசைச்சொற்களை நீக்க எந்தப் பாராளுமன்றமும் கூடப்போவதில்லை. அந்த வேலை உன் விசைப்பலகைக்கு வந்திருக்கிறது, எடுத்துக்கொள்!

முதல் அடி எங்கே விழும் தெரியுமா? பட்டியலில் 'தோட்டக்காட்டான்' என்று போட்டிருப்பாய். எதிரில் இருப்பவர் 'தோட்டக்காட்டானே' என்று தட்டுவார். செய்நிரல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கடைசி 'ன்' என்பது கணினிக்கு 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. ஏகாரம் சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறது. 'பதுளை' என்று எழுதி நீளம் கேட்டுப்பார். நமக்கு மூன்றெழுத்து, பைதனுக்கு ஐந்து. இன்னொன்றும் உண்டு. 'தோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைக்கலாம், அல்லது ஏகாரக் குறியும் காலும் எனத் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒப்பிட்டால் வேறு என்று சொல்லும். ஆகவே யூனிகோட் வடிவத்தை முதலில் ஒரே சீராக்கு. பிறகு பட்டியல் சொல்லின் கடைசிப் புள்ளியை நீக்கிவிட்டு, உள்ளீட்டுச் சொல் அந்த அடியோடு தொடங்குகிறதா என்று பார். 'தோட்டக்காட்டானே' மாட்டும், 'தோட்டக்காட்டானுக்கு' என்பதும் மாட்டும்.

மாட்டியதும் துள்ளிக் குதிக்காதே. இதே உத்தியை 'நாய்' என்ற வசையின் மேல் ஏவிப்பார். 'நாயே' பிடிபடும், கூடவே 'நாயகன்' பிடிபடுவான், 'நாயக்கர்' பிடிபடுவார். இதைவிட மோசமான சோம்பேறித்தனம் ஒன்று இருக்கிறது. வசையை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று 'தோட்ட' என்ற துண்டைப் பட்டியலில் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் தோட்டத் தொழிலாளி மறைந்துபோவார், தோட்டப் பாடசாலை மறைந்துபோகும், உன் வீட்டு விலாசமே நட்சத்திரமாகிவிடும். இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்றொரு ஊர் உண்டு. 1996இல் அந்த ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். இணையச் சேவையில் கணக்குத் திறக்கப் போனபோது தடுக்கப்பட்டார்கள். ஊர்ப் பெயரின் நடுவே ஒரு கெட்ட சொல்லின் எழுத்துகள் இருந்தன, அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். நம் ஊரை அறியாத ஒருவர் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து நமக்காகப் பட்டியல் போட்டால் நமக்கும் அதுவே நடக்கும். மடுவத்தில் நிறுவைக்கு முன்னால் உன் அம்மா முத்தல் இலையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எறிகிறாரே, கொழுந்தோடு கூடையைக் கவிழ்க்கிறாரா? அந்தக் கண் உனக்கு வேண்டும். தடைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே விலக்குப் பட்டியல் ஒன்று வை. 'நாயகன்' அதில் போகட்டும்.

வசதி இல்லை என்று சொல்லாதே. பைதன் கைத்தொலைபேசியிலேயே ஓடும். உயர்தரப் பாடத்திட்டத்திலேயே அது இருக்கிறது, தமிழில் படிக்கலாம். தமிழை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தர 'ஓப்பன்-தமிழ்' என்ற நூலகத்தை முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கி இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். பசறை வீதியில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிற்கிறது. அந்த வாசலைக் கடந்து போகிற பஸ்ஸில் இருந்து எட்டிப் பார்த்தது போதும். இறங்கி உள்ளே போகிறவளாக நீ இரு!

இன்றைக்கே இருபது சோதனை வாக்கியம் எழுது. பத்து வாக்கியம் அடைபட வேண்டும், பத்து வாக்கியம் கீறல் படாமல் கடந்துபோக வேண்டும். 'நான் நமுனுகுலைத் தோட்டத்தில் பிறந்தவள்' என்பதை இரண்டாம் பத்தில் வை. அது ஒரு நட்சத்திரம் வாங்கினாலும் செய்நிரலைத் திருத்து, மறுபடி ஓட்டு. இருபதும் சரியாக வந்த பிறகு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களிடம் வா. அதே வசையை ஒருவர் ஒற்றை டி போட்டு எழுதுவார், இன்னொருவர் இரட்டை டி போடுவார், மூன்றாமவர் நடுவில் ஒரு எச் சேர்ப்பார். அதற்கு வேறு பட்டியல் வேண்டும். அதையும் நீயே போடு.