ஈகையும் இழப்பும்

ஈகை உயர்ந்தது என்று உரைக்காத அறநூல் இல்லை. ஆயினும், கொடுப்பவன் கொடுக்குந்தோறும் குறைகின்றானா, வளர்கின்றானா என்னும் வினா இன்றும் நம்முன் நிற்கின்றது. பொருளைக் கொடுத்தவன் மீண்டும் ஈட்டிக்கொள்ளலாம். தன் காலத்தையும் உழைப்பையும் இறுதியில் தன்னையுமே கொடுத்தவனுக்கு எஞ்சுவது யாது? இவ்வினாவுக்குச் சொல்லாலன்றி இசையால் விடை தேடிய படைப்பொன்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

சோபியா குபைதுலினா 1931ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த தாத்தார் பகுதியில் பிறந்தவர். 2025இல் ஜெர்மனியில் மறைந்தார். அவர் 1980இல் இயற்றிய 'ஒஃபர்டோரியம்', தனி வயலினும் பல்லியக் குழுவும் இணைந்திசைக்கும் கன்செர்ட்டோ வகையைச் சார்ந்தது. வயலின் கலைஞர் கிடோன் கிரேமருக்காக எழுதப்பெற்ற இதனை, அவரே 1981இல் வியன்னா நகரில் முதன்முதல் இசைத்தார். கிறித்தவத் திருப்பலியில் அப்பமும் இரசமும் காணிக்கையாக்கப்படும் பகுதியின் இலத்தீன் பெயரே இதற்குப் பெயராயிற்று.

1747இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக், இசைமேதை பாக்கிடம் ஓர் இசைத்தொடரைத் தந்தார். பாக் அதனைப் பலவாறு விரித்து, 'இசைக் காணிக்கை' என்னும் தொகுப்பாக்கி அம்மன்னருக்கே படைத்தார். அத்தொடரையே குபைதுலினா மேற்கொண்டார். தொடக்கத்தில் அது கருவிக்குக் கருவி கைமாறிச் செல்கின்றது. இறுதிச் சுரம் மட்டும் ஒலிக்கவில்லை. அவ்விடத்தில் வயலின் நுழைகின்றது. பின்னர்த் தொடர் திரும்பி வருந்தோறும் முதலிலும் முடிவிலும் ஒவ்வொரு சுரத்தை இழந்து, ஒற்றைச் சுரமாய்ச் சுருங்குகின்றது. இறுதிப் பகுதியிலோ அந்த ஒன்றிலிருந்தே சிறிது சிறிதாக மீண்டும் வளர்கின்றது. ஆனால் பழைய வரிசையில் அன்று, தலைகீழ் வரிசையில். கொடுத்தவன் மீண்டும் நிறைவு பெறலாம். முன்பிருந்தவனாகவே மீள்வதில்லை என்பது இதனால் விளங்கும்.

அறவினா இத்துடன் முடிவதில்லை. பாக்கின் நூற்பெயரில் உள்ள 'ஓப்பர்' என்னும் ஜெர்மன் சொல் காணிக்கையையும் குறிக்கும், பலியையும் குறிக்கும், பலியானவரையும் குறிக்கும். தமிழிலோ இவற்றிற்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. வாழ்க்கையிலும் இவற்றைப் பிரித்தறிதல் நம் கடமையாகும். 1979இல் சோவியத் இசையமைப்பாளர் சங்கத்தின் மாநாட்டில், அதன் தலைவர் கிரென்னிக்கொவ் எழுவரைப் பெயர் சுட்டிக் கண்டித்தார். குபைதுலினாவும் அவ்வெழுவருள் ஒருவர். தம் படைப்பு ஒலிக்கும் வாய்ப்புகள் குறைக்கப்பட்டமை அவர் கொடுத்த ஈகை அன்று, அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. மறு ஆண்டில் அவர் முடித்த இசையே அவர் தந்த காணிக்கை. பறிக்கப்பட்டதைத் தியாகம் என்று புகழ்வது பறித்தவனுக்குத் துணை போவதேயாகும்.

உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. சுரங்கள் தாமாக விலகுவதில்லை; இயற்றியவரே அவற்றை நீக்குகின்றார். மனிதனோ சுரம் அல்லன். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று தேரும் உரிமை அவனுடையது. அவ்வுரிமை இல்லாத இடத்தில் ஈகை என்னும் சொல்லுக்கே பொருளில்லை.

ஆசிரியப் பணி தியாகப் பணி என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அம்முழக்கத்தைச் சொல்பவர் யார், அவர் எதைக் கேட்கின்றார் என்று ஆராய்தல் தகும். ஓய்வையும் ஊதியத்தையும் உவந்து விட்டுக்கொடுக்கும் ஆசிரியர் போற்றத்தக்கவர். ஆனால் கற்கும் வேட்கையையும் அவர் விட்டுவிடுவாராயின், மாணவருக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இராது. எல்லாம் குறைந்தபின்னும் அந்த ஒற்றைச் சுரம் எஞ்சியிருந்தது. அதனாலன்றோ தொடர் மீண்டும் எழுந்தது! கொடுப்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. எதை எவர் கேட்டாலும் கொடுத்தலாகாது என்பதை மட்டும் அறிந்து கொடுப்போமாக.