சாவி யார் கையில்?

வன்னியில் ஒருவர் காணி வைத்திருக்கிறார் என்றால், அது உறுதிக் காணியா, பெமிற் காணியா என்பதே அடுத்த கேள்வி. இரண்டிலும் இருப்பது ஒரே மண். விளைவது ஒரே நெல். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை இப்பகுதியின் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற விவசாயி காட்டை வெட்டினான், வரம்பு கட்டினான், கிணறு தோண்டினான். ஆனால் அந்தக் காணியை விற்பதையோ ஈடு வைப்பதையோ அவன் தன்னிச்சையாக முடிவு செய்ய இயலாது. பயன் அவனுடையது, முடிவு மற்றொருவருடையது.

இப்பழைய வேறுபாட்டை நாம் இங்கே நினைவூட்டுவது காணிப் பிரச்சினையை ஆராய்வதற்காக அன்று. நம் தெருக்களுக்குப் புதிதாக வந்துள்ள ஒரு பொருளின் இயல்பை விளங்கிக் கொள்வதற்காகவே. அப்பொருள் மின்சாரக் கார். அதனோடு துணையாக வருவது திறன்பேசிச் செயலி. காருக்கு உறுதி எழுதித் தரும் கம்பனி, செயலிக்குப் பெமிற் மட்டுமே தருகிறது. இதிலிருந்து பிறக்கும் வினா அறம் சார்ந்த வினா. முழு விலை கொடுத்து வாங்கிய பொருளின் உண்மை நிலையை அறியவும், பழுதானால் திருத்தவும், தன் போக்குவரத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் ஒருவனுக்கு உரிமை இல்லையென்றால், அவன் உடைமையாளனா, குத்தகைக்காரனா?

செயலி செய்யும் வேலை எளிமையானது. மின்கலத்தில் எவ்வளவு மின் மீந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் ஓடலாம், மின்னேற்றம் எப்போது முடியும் என்பவற்றை அது சொல்கிறது. வீட்டிலிருந்தபடியே கதவைப் பூட்டவும், குளிரூட்டியை இயக்கவும், மின்னேற்றத்தை நிறுத்தவும் உதவுகிறது. இவற்றில் தவறு ஏதுமில்லை. ஆனால் திறன்பேசியும் காரும் பெரும்பாலும் நேரே பேசிக்கொள்வதில்லை. நம் கட்டளை கம்பனியின் சேவையகத்துக்குப் போய், அங்கிருந்து காருக்குத் திரும்பி வருகிறது. முற்றத்தில் பத்தடி தூரத்தில் நிற்கும் நம் காரோடு பேச, கடல் கடந்த கணினியின் இசைவு வேண்டியிருக்கிறது. கடவுள் வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இலங்கையில் மின்சாரக் கார் பரவிய வரலாற்றைப் பார்ப்போம். 2015 ஆம் ஆண்டளவில், வரி குறைவாக இருந்த காலத்தில், நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. அவற்றுள் ஜப்பானில் ஓடிய பழைய கார்களும் இருந்தன. அவற்றின் திரை ஜப்பானிய மொழி பேசிற்று. கம்பனியோடு இணைக்கும் வசதி ஜப்பானியத் தொலைபேசி வலையமைப்புக்கென அமைந்தது. எனவே இம்மண்ணில் இறங்கும்போதே அவ்வசதி செத்திருந்தது. கார் ஓடிற்று, ஆனால் தன் உரிமையாளனோடு அது பேசவில்லை.

இந்த மௌனம் சிறு குறையன்று. முதற்கால லீஃப் காரின் மின்கலம் 24 கிலோவாற்-மணி கொள்ளளவுடையது. புதிதாக இருந்தபோது அமெரிக்க அரசின் அளவீட்டின்படி அது ஒரு மின்னேற்றத்தில் ஓடக்கூடிய தூரம் 117 கிலோமீற்றர். அந்த மின்கலத்தைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. வெப்பமோ மின்கலத்தின் பகை. முப்பது வீதம் தேய்ந்துபோனால் எஞ்சுவது எண்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குக் கண்டி வீதி வழியே ஏறக்குறைய 75 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். இருமருங்கும் காடும் வயலுமான இவ்வழிகளில், மின்கலத்தைப் பற்றிய உண்மை என்பது வீடு சேர்வோமா, வழியில் நிற்போமா என்ற கேள்விக்கான விடை.

அந்த உண்மையைக் கார் எப்படிச் சொல்லிற்று? முகப்பில் பன்னிரண்டு கோடுகள். மின்கலம் தேயத் தேய அவை ஒவ்வொன்றாக மறையும். பார்ப்பவன், ஒரு கோடு போனால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது எட்டு வீதமளவு போயிற்று என்றே நினைப்பான். ஆனால் முதற்கோடு மறையுமுன் ஏறக்குறைய பதினைந்து வீதம் தேய்ந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு கோடும் ஆறு வீதத்துக்குச் சற்று மேலான தேய்வைக் குறிக்கும். சொல்லப்பட்டது பொய்யன்று, அறியவேண்டியது சொல்லப்படவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன சமுதாயத்துக்கு, அளவுகோலையே மறைத்துவைத்த பொருள் விற்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் கணினியை மீளமைத்து, மறைந்த கோடுகளைத் தற்காலிகமாக எழுப்பிக் காட்டி விற்கும் மோசடிக்கும் இவ்விருளே துணைபுரிகிறது.

இருளை நீக்கியது கம்பனியன்று. வெளியிலிருந்த ஓர் ஆர்வலர் 'லீஃப் ஸ்பை' என்ற செயலியை உருவாக்கினார். காரின் சோதனைத் துளையில் ஒரு சிறு கருவியைச் செருகினால், அது திறன்பேசியோடு நேரே பேசும். இடையில் எந்தக் கம்பனியும் இல்லை. மின்கலத்தினுள் இருக்கும் 96 கலச் சோடிகளின் மின்னழுத்தத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டும். எந்தக் கலம் நோயுற்றது என்பது தெரிந்தால், அதை மட்டும் மாற்றலாம். மின்கலம் முழுவதையும் எறிய வேண்டியதில்லை. ஒரு செயலி எப்படி இருக்கவேண்டும் என்பதை உலகுக்குக் காட்டியது கம்பனிகளின் விளம்பரம் அன்று. பாவிப்பவரின் பக்கம் நின்ற இத்தகைய உழைப்பே.

வன்னி மக்கள் இதன் பொருளை மற்றவர்களைவிட நன்கு அறிவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் உலர் மின்கலமும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாய் இருந்தன. அன்று பெற்றோலில் ஓடவேண்டிய மோட்டார் சைக்கிள், சிறிதளவு பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். அத்துன்பத்தை நாம் போற்றவில்லை. எந்த மக்களுக்கும் அது நேரக்கூடாது. ஆனால் அந்தத் திறமை எவ்வாறு சாத்தியமாயிற்று என்று சிந்திக்கவேண்டும். இயந்திரம் திறந்திருந்தது. திருகாணியைக் கழற்றியவனுக்கு அது தன் இரகசியத்தைச் சொல்லிற்று. பூட்டிய மென்பொருளால் ஆன இயந்திரம் அக்காலத்தில் நம் கையில் இருந்திருந்தால், அது வெறும் இரும்பாகவே கிடந்திருக்கும்.

தடை என்பது அரசு போடுவது மட்டுமன்று. கணக்குப் பார்த்துக் கம்பனியும் போடுகிறது. பிரித்தானியாவில் பழைய லீஃப் கார்கள் சிலவற்றுக்கான செயலிச் சேவையை நிசான் கம்பனி 2024 ஏப்ரலில் நிறுத்திற்று. பழைய தொலைபேசி வலையமைப்பு மூடப்படுவது காரணமாகச் சொல்லப்பட்டது. கார்கள் ஓடின, ஆனால் விலை கொடுத்தபோது இருந்த வசதி பறிபோயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் ஃபிஸ்கர் கார்க் கம்பனி வங்குரோத்து அடைந்தது. சேவையகத்துக்குச் செலவிட யாருமில்லை என்ற நிலையில், அதன் கார்களை வாங்கியோர் சங்கம் அமைத்து, தம் கார்களை உயிரோடு வைத்திருக்கத் தாமே முயலவேண்டியதாயிற்று. கம்பனி இறந்தால் பொருளும் இறக்கவேண்டும் என்பது எந்த நியாயம்? தச்சன் இறந்ததும் அவன் செய்த கதிரை உடைந்துபோவதில்லையே!

மனிதன் படைத்த பொருள் மனிதனுக்கே அந்நியமாகி, அவன்மீது அதிகாரம் செலுத்தும் விந்தையை மார்க்ஸ் 1844 இல் எழுதிய கையெழுத்துப் படிகளில் ஆராய்ந்தார். அவர் பேசியது உழைப்பவனைப் பற்றி. இன்று அந்த அந்நியமாதல் தொழிற்சாலை வாயிலைக் கடந்து, பாவிப்பவனின் முற்றம்வரை வந்துவிட்டது.

இனி, இவற்றினும் பாரதூரமான மற்றொரு பக்கம் உண்டு. செயலி காரைப் பற்றி நமக்குச் சொல்கிறது. நம்மைப் பற்றி யாருக்குச் சொல்கிறது? எங்கே போனோம், எப்போது போனோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்பன யாவும் எங்கோ பதிவாகின்றன. 2023 செப்டெம்பரில் மொசில்லா நிறுவனம் 25 கார் வர்க்கங்களை ஆராய்ந்தது. அந்தரங்கத்தைப் பேணுவதில் ஒன்றுகூடத் தேறவில்லை. 2024 டிசெம்பரில், வொக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறக்குறைய 800,000 மின்சாரக் கார்களின் தகவல்கள் தகுந்த காவலின்றிக் கிடந்தமை ஜெர்மனியில் வெளியாயிற்று. அவற்றுள் பல கார்கள் நின்ற இடங்களையும் அத்தகவல்கள் காட்டின.

வேறு நாட்டவருக்கு இது வெறும் அசௌகரியமாகத் தோன்றலாம். பாஸ் இன்றிப் பயணம் செய்யமுடியாதிருந்த மண்ணில், ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் இரு தரப்பாரிடமும் தம் பெயரையும் போகும் காரணத்தையும் பதிந்துவிட்டு நகர்ந்த மக்களுக்கு, இது வேறு விதமாகவே ஒலிக்கும். சாவடியாவது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாத சாவடியை நாமே விலை கொடுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது முன்னேற்றமாகுமா? வீட்டினுள்ளும் இக்கேள்வி உண்டு. கணக்கு கணவனின் பெயரில். காரை ஓட்டுபவள் மனைவி. கணக்கு முதலாளியுடையது, ஓட்டுபவர் சம்பளத்துக்கு வந்த சாரதி. ஒருவர் மற்றவரின் ஒவ்வோர் அடியையும் அவர் அறியாமலே பார்க்கக்கூடிய கருவி, நம்பிக்கையின் இடத்தில் கண்காணிப்பை நிறுத்துகிறது.

"கார் வாங்கும் வசதி படைத்தோரின் கவலை இது, வயலில் நிற்பவனுக்கு இதில் என்ன?" என்று நம் வாசகர்களிற் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பூட்டு காரோடு நிற்கப்போவதில்லை. அமெரிக்காவில் ஜோன் டியர் உழவு இயந்திரங்களின் மென்பொருட் பூட்டினால், தம் இயந்திரத்தைத் தாமே திருத்த முடியாத விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினர். கொலராடோ மாநிலம் 2023 இல் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றிற்று. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணைக்குழுவே அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. இரணைமடுவின் கீழ் உழும் இயந்திரமும் நீர் இறைக்கும் பம்பியும் நாளை செயலியோடு வரும். அன்று விழித்துக்கொள்வதைவிட இன்று விழித்திருப்பது நன்று.

"பூட்டைத் திறந்தால் கள்வன் நுழைவான்" என்பது மற்றொரு வாதம். 2016 பெப்ரவரியில் நடந்தது இதற்கு விடை. லீஃப் காரின் வாகன இலக்கம் மட்டும் தெரிந்தால், உலகின் எம்மூலையிலிருந்தும் அதன் குளிரூட்டியை இயக்கவும் பயண விபரங்களைப் பார்க்கவும் முடியும் என்பதை வெளியார் கண்டுபிடித்து அறிவித்தனர். கம்பனி தன் செயலியை இடைநிறுத்த நேர்ந்தது. உரிமையாளனுக்கு மூடியிருந்த கதவு அந்நியனுக்குத் திறந்திருந்தது! இரகசியம் வேறு, பாதுகாப்பு வேறு. பலர் பார்த்துச் சோதிக்கக்கூடிய பூட்டே உறுதியான பூட்டு.

அப்படியாயின் நாம் வேண்டுவது யாது? செயலியை ஒழிப்பதன்று, அதைச் செம்மைப்படுத்துவது. அடிப்படை வேலைகள் யாவும், இணையமின்றி, காருக்கும் திறன்பேசிக்கும் இடையில் நேரே நடக்கவேண்டும். மின்கலத்தின் உண்மை நிலையைக் கோடுகளால் மறைக்காது எண்களால் சொல்லவேண்டும். பயண விபரம் உரிமையாளன் கேட்டாலன்றிக் காரை விட்டு வெளியேறக்கூடாது. கார் கைமாறும்போது பழைய உரிமையாளனின் தொடர்பு அறவே நீங்கவேண்டும். சேவை எத்தனை ஆண்டு என்பதை விற்கும்போதே எழுதித் தரவேண்டும். கைவிடும் நாளில், தொடர்ந்து நடத்தத் தேவையான அறிவைப் பொதுவில் வைத்துவிட்டுப் போகவேண்டும். இவை யாவும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கவேண்டும். ஆபத்து அறிவித்தலை அந்நிய மொழியில் வாசிப்பவனுக்கு அது அறிவித்தலே ஆகாது.

இவை ஆகாத ஆசைகள் அல்ல. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, அதைத் தாளில் அச்சிட்டும் காட்டலாம் என்றிருந்தது. அந்தச் சிறு ஏற்பாடு, திறன்பேசி இல்லாத எத்தனையோ பேரை வரிசையிலிருந்து விலக்காமற் காத்தது. எளியவனை எண்ணிச் செய்தால் எக்கருவியும் எல்லோருக்கும் பயன்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில், இணைப்புள்ள பொருள் உண்டாக்கும் தரவைப் பாவிப்பவர் பெறும் உரிமை 2025 செப்டெம்பர் 12 முதல் சட்டமாயிற்று. அங்குள்ளவனுக்கு உரிமையானது கிளிநொச்சியில் உள்ளவனுக்குக் கருணையாக மட்டும் இருக்கலாமா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. புதிய மின்சாரக் கார்கள் வருகின்றன. துறைமுகத்தில் வரி கேட்கும் அரசு, அதே துறைமுகத்தில் இந்நிபந்தனைகளையும் கேட்கலாம்.

1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டத்தை இங்கு நினைக்கிறோம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதோடு அது நிற்கவில்லை. உழுபவனை நினைத்தபடி வெளியேற்றும் அதிகாரம் நிலவுடைமையாளனுக்கு உண்டா என்று கேட்டது. அச்சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. குத்தகையாளர் பலர் வெளியேற்றப்படவும் செய்தனர். ஆயினும் அது எழுப்பிய கேள்வி சாகவில்லை. இன்று அதே கேள்வி கைப்பிடிக்குள் அடங்கும் கண்ணாடித் திரையில் மீண்டும் தோன்றுகிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே! அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வவுனியாவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகம் எழுந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டிய கைகளின் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். பூட்டிய பெட்டிகளைப் பாவிக்க மட்டும் கற்பதா, திறந்து பார்த்துத் திருத்தவும் தமிழில் பேசவைக்கவும் கற்பதா என்பது அவர்கள்முன் உள்ள தெரிவு. காணிக்கு உறுதி கேட்டுப் போராடத் தெரிந்த மக்கள், கருவிக்கும் உறுதி கேட்கத் தயங்கவேண்டியதில்லை.