பூக்கட்டிப் பார்க்கும் முன்னால்...

வடமதுரை சௌந்தரராஜப் பெருமாளிடம் மழைக்கும் மகசூலுக்கும் மகள் கல்யாணத்துக்கும் வேண்டிக்கொண்ட குடும்பங்கள், இன்று விசாவுக்காகவும் வேண்டிக்கொள்கின்றன. தோட்டமும் நூற்பாலையுமே பிழைப்பாக இருந்த வீடுகளில் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து வேலை தேடி வருகிறது. சந்தோஷம்தான். ஆனால், அந்தச் சந்தோஷத்தோடு கூடவே ஒரு கேள்வியும் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

'போகலாமா... வேண்டாமா?'

கணவர் புறப்படத் தயார். மனைவிக்கோ இங்கே ஒரு வேலை இருக்கிறது. அல்லது மூட்டுவலியோடு மாமியார் இருக்கிறார். அல்லது பிறந்த வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். யார் சொல்வது சரி என்று முடிவெடுக்க முடியாதபோது என்ன செய்கிறோம்? சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி, சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறோம்.

தெய்வத்திடம் உத்தரவு கேட்பது நம் மரபு. அதில் குற்றமே இல்லை. ஆனால், 'தெய்வமே உத்தரவு கொடுத்துவிட்டது' என்றான பிறகு, வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டியதில்லையா?

நாமகிரித் தாயார் தந்த உத்தரவு

கணித மேதை ராமானுஜனின் குடும்பத்துக்குக் குலதெய்வம் நாமக்கல் நரசிம்மரின் தேவியான நாமகிரித் தாயார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1913-ம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து அழைப்பு வந்தது. உடனே அவர் சம்மதிக்கவில்லை. கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்று நினைத்த காலம் அது.

பிறகு நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய தாயார் கோமளத்தம்மாளின் கனவில், ஐரோப்பியர்கள் சூழ்ந்த ஒரு மண்டபத்தில் மகன் வீற்றிருக்கிறார். 'தடுக்காதே' என்கிறாள் நாமகிரித் தாயார். ராமானுஜனே நாமக்கல் கோயிலில் மூன்று இரவுகள் தங்கி உத்தரவு பெற்றார் என்றும் சொல்வார்கள். எப்படியோ, தடை நீங்கியது. 1914-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி சென்னையில் கப்பல் ஏறினார்.

தாயிடம் அனுமதி கேட்டாயிற்று, தெய்வத்திடமும் கேட்டாயிற்று. இன்னொருவர் இருந்தாரே... மனைவி ஜானகி! அவருக்குப் பதினைந்து வயது நிறைய இன்னும் நான்கே நாட்கள் இருந்தன. பக்தியோடு நாம் சொல்லிவரும் இந்தக் கதையில், அனுமதி கேட்கப்பட்டவர்களின் வரிசையில் அவர் பெயர் வருவதே இல்லை.

அடுத்து வந்த ஐந்து வருடங்களை நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போர் மூண்டது. சைவ உணவு கிடைப்பது சிரமம். தானே சமைத்துச் சாப்பிட்ட ராமானுஜன் 1917-ல் நோயில் விழுந்தார். இங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. தம்பதி எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒருவருக்கொருவர் சரியாகப் போய்ச் சேரவில்லை என்கிறார்கள், அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள். 1918-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது, உலகமே கொண்டாடியது. மறு வருடம் மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கியபோது, வரவேற்க வந்தவர்களில் ஜானகி இல்லை. 1920 ஏப்ரல் 26-ம் தேதி, 32 வயதில் ராமானுஜன் மறைந்தார்.

'உன்னையும் அழைத்துப் போயிருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது' என்று கடைசி நாட்களில் அவர் மனைவியிடம் வருந்தியதாகச் சொல்வார்கள். 21 வயதில் கணவரை இழந்த ஜானகி அம்மாள், தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் சொந்தக் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார்.

கேட்டிருந்தால்..?

கோமளத்தம்மாளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்ன வயது மருமகளைக் கலந்து முடிவெடுப்பது அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் வழக்கமில்லை.

'சரி, கேட்டு, அவர் வேண்டாம் என்றிருந்தால்? உலகத்துக்கு ஒரு ராமானுஜன் கிடைத்திருப்பாரா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கேட்டால் வரக்கூடிய பதில் 'வேண்டாம்' ஒன்றுதானா? 'என்னையும் அழைத்துப் போங்கள்' என்றிருக்கலாம். 'நீங்கள் வரும்வரை பிறந்த வீட்டில் இருக்கிறேன், கடிதத்தை அங்கே அனுப்புங்கள்' என்றிருக்கலாம். பயணம் நடந்திருக்கும், அதன் பாரம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அதே சமயம், ஒன்றை மறைக்கக் கூடாது. மனசாரக் கேட்பது என்றால், 'வேண்டாம்' என்ற பதிலுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டு, 'உனக்குச் சம்மதம்தானே?' என்பது கேள்வி அல்ல, தகவல்!

எழுந்து வந்தவள் கண்ணகி

பிழைப்புக்காக ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு தம்பதியைச் சிலப்பதிகாரத்திலும் பார்க்கிறோம். கோவலனும் கண்ணகியும் பெற்றோரிடம் சொல்லாமல், விடியும் முன்பே புகாரை விட்டுக் கிளம்பினார்கள். மதுரைக்கு வழி கேட்டபோது, ஒரு பாதைக்கு அடையாளமாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது, நம் திண்டுக்கல்லை ஒட்டி நிற்கும் சிறுமலை!

மதுரையில் மாதரியின் அடைக்கலத்தில் இருக்கும்போது கோவலன் உருகுகிறான். முதிய பெற்றோரைத் துயரத்தில் விட்டு வந்தேனே, எழு என்றதும் நீயும் எழுந்துவிட்டாயே என்கிறான். கண்ணகி என்ன சொல்கிறாள் தெரியுமா? உங்கள் நடத்தை சரியில்லைதான். ஆனாலும் உங்கள் சொல்லை மாற்றிப் பழகாதவள் நான், அதனால் எழுந்தேன் என்கிறாள்.

எழுந்து வந்தாள் என்பது உண்மை. அதனாலேயே அவளைக் கேட்டதாக ஆகிவிடுமா? ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவும் அப்படித்தான். 'எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க, போயிட்டு வாங்க' என்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிவிடுகிறோம். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், மாதம் ஒருமுறை டாக்டரிடம் யார் அழைத்துப் போவார்கள் என்று உட்கார்ந்து பேசியிருக்கிறோமா?

முதலில் தாயார், பிறகு பெருமாள்

பெருமாள் கோயிலில் முதலில் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் பெருமாளிடம் போவோம். நமக்காகத் தாயார் சிபாரிசு செய்வதை வைணவத்தில் 'புருஷகாரம்' என்பார்கள். அந்தச் சந்நிதியிலேயே தாயாரைத் தாண்டிப் போக முடியாதென்றால், நம் வீட்டில் மட்டும் எப்படி முடியும்?

எனவே தோழிகளே, பூக்கட்டிப் பார்க்கும் முன்னால் ஒருநாள் டி.வி-யை அணைத்துவிட்டு எல்லோரும் உட்காருங்கள். போகிற நாட்டில் உங்களுக்கு வேலை செய்ய அனுமதி உண்டா? எத்தனை வருடம்? பெரியவர்களுக்குத் துணை யார்? எந்த நிலைமை வந்தால் திரும்பிவிடுவோம்? வேலை உங்களுக்கு வந்து, கணவர் தயங்கினாலும் இதே நியாயம்தான். அவரையும் கேட்க வேண்டும். மருமகளோ, பெரியவர்களோ, வீட்டில் அதிகம் பேசாதவர் யாரோ, அவரை முதலில் பேசவிடுங்கள்.

அதன் பிறகு பூவைக் கட்டுங்கள். பொட்டலம் பிரியும் அந்த நொடியில், உள்ளே எந்த நிறம் இருக்க வேண்டும் என்று உங்கள் மனசு தவித்தது? அதையும் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமலே புரிந்துகொள்வாள் தாயார். மனிதர்களுக்கு நாம் வாய் திறந்துதான் சொல்ல வேண்டும்!