இங்கே இல்லை என்று சொல்ல

ஒரு சிலந்திக்குப் புதிதாகப் பெயர் வைக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் முதலில் அதைக் கொல்ல வேண்டும். ஆய்வுக்கட்டுரைகளில் இதை யாரும் இப்படி நேராக எழுதுவதில்லை. ‘மாதிரிகள் சேகரிக்கப்பட்டன’, ‘எத்தனாலில் பாதுகாக்கப்பட்டன’ என்று இருக்கும். அந்த வாக்கியத்தில் செய்தவரும் இல்லை, செத்ததும் இல்லை.

சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றோரம் டானாவ் கிராங் என்றொரு கள ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே களப்பயிற்சிக்கு வந்த மாணவர்களும் ஆசிரியர்களும் தரையோரம் வலை கட்டும் ஒரு சிலந்தியைக் கண்டுபிடித்தார்கள். உடல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த மாதிரி வலைகள் வெறும் கண்ணுக்கு அகப்படாது, அதனால் ஆய்வாளர்கள் சோளமாவை மெல்ல ஊதிவிடுவார்கள். மாவு ஒட்டினதும் சருகுகளுக்கு நடுவில் வலை வெள்ளையாகத் தெரியும். ஜெரெமி மில்லரும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு கிராசிக்னாத்தா டானாவ்கிராங்கென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். சிலந்தியைவிடப் பெயர்தான் நீளம்.

ஏன் கொல்லணும், போட்டோ எடுத்தா போதாதா? நியாயமான கேள்விதான். 2015-இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றைப் படங்களை மட்டுமே வைத்து இரண்டு ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அடுத்த வருஷமே கிட்டத்தட்ட 500 வகைப்பாட்டியலாளர்கள் ‘இது போதாது’ என்று கையெழுத்துப் போட்டார்கள். சிலந்தி விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். நெருங்கிய இரண்டு இனங்களைப் பிரித்துச் சொல்ல, ஆணின் வாய்ப்பக்கத்து உணர்காலையும் பெண்ணின் இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். குட்டிச் சிலந்தியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வளர்ந்ததுதான் வேண்டும். நாளைக்கு ஒருவர் ‘இது வேற இனம், நீங்க தப்பா சொல்லிட்டீங்க’ என்றால் எடுத்துக் காட்ட ஓர் உடல் வேண்டும். அந்த உடல்தான் பெயரின் ஆதாரம்.

மரத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஒரு கிளை, கொஞ்சம் இலை, பூ, காய் கொடுத்தால் போதும், மரம் பாட்டுக்கு நிற்கும். ஒரு மில்லிமீட்டர் சிலந்தியிடம் ஒடித்துக் கொடுக்க என்ன இருக்கிறது?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது சாகாத சிலந்தியா, காரின் கண்ணாடியில் மோதிச் சாகாத பூச்சியா என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒட்டடைக் கம்புக்கு நோக்கம் கிடையாது. இங்கே ஒருவர் குனிந்து, தேடி, அழகை ரசித்து, பிறகு புட்டியில் போடுகிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இன்னொரு சமாதானம், ‘அந்த இனத்தின் நன்மைக்காக’. இனம் என்பது நம் கணக்கு. வலையில் உட்கார்ந்திருந்த சிலந்திக்கு இனம் என்று ஒன்று தெரியாது, அதற்குத் தெரிந்தது அந்த வலை மட்டும்தான். குறள் கொல்லாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. அதைப் படித்து வளர்ந்தவர்கள் ‘இனத்துக்காக ஓர் உயிர்’ என்பதைக் கொஞ்சம் தயங்கித்தான் ஏற்க வேண்டும்.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது. அவர்கள் மூன்று இடங்களில் தேடினார்கள். ஆற்றோரக் காட்டில் தரையோரம் வலை கட்டுபவற்றில் இந்தச் சிலந்திதான் அதிகம். அண்மையில் வெள்ளம் புகுந்த காட்டில் அரிது, அல்லது இல்லவே இல்லை. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பெயர் இல்லாத ஒன்றைப் பற்றி ‘அது இங்கே இல்லை’ என்று சொல்லவே முடியாது. எது இல்லை? செம்பனை நட்டதால் என்ன போச்சு என்று கேட்டால், பெயர் இருப்பதற்கு மட்டும்தான் பதில் சொல்ல முடியும். மற்றதெல்லாம் போனதாகக்கூடப் பதிவாகாது. நாங்கள் இருக்கும் ரவாங் பக்கம் ஈயச் சுரங்கம், ரப்பர், செம்பனை, அப்புறம் தாமான் என்று நிலம் எத்தனையோ தடவை சட்டை மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சருகோடு எது எரிந்தது என்று எழுதிவைக்க அன்றைக்குச் சொல்லே இருந்திருக்காது.

பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ரவாங்கிலேயே சாட்சி உண்டு. கியாம் கன்சிங் என்ற மரம், அறிவியல் பெயர் ஹோபியா சுபலாட்டா, கன்சிங் காட்டில் மட்டுமே இயற்கையாக வளர்வதாக அறியப்பட்டது. 2017 இறுதியில் திறந்த ரவாங் புறவழிச்சாலை அந்தக் காட்டுப் பகுதியில் தரையில் ஓடவில்லை, தூண்கள்மேல் ஏறிப் போகிறது. உச்சியில் உயரம் 58 மீட்டர். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த மரமும் ஒன்று. பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது புரிகிறது: திட்ட அறிக்கையின் அட்டவணையில் ஒரு வரி இருந்தால்தான் அதற்காகத் தூண் வைக்கலாமா, எவ்வளவு செலவாகும் என்ற பேச்சே வரும். ‘பெயர் தெரியாத ஏதோ ஒன்று’ என்று ஒரு வரியை அட்டவணையில் நான் பார்த்ததில்லை.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த நியாயம் புதுசு இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே கிழவராகி, கடைசிவரை நீல அடையாளக் கார்டுக்கு அலைந்த கதை நம் குடும்பங்களில் உண்டு. ஆளையும் எட்டுக்கால் பூச்சியையும் ஒப்பிடுகிறேன் என்று கோபப்பட வேண்டாம், நான் ஒப்பிடுவது காகிதத்தை. ஒருவர் கண்ணெதிரே நின்றாலும், காகிதத்தில் இல்லாவிட்டால் அவருக்காக வாதாட முடியாது.

அதற்காகப் பெயர் வைப்பதே காப்பாற்றுவது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோனியூரோசாரஸ் லூயி என்ற சீனப் பல்லி 1999-இல் விவரிக்கப்பட்டது. எங்கே கிடைத்தது என்று கட்டுரையில் இருந்தது. செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிப்பவர்கள் அதைப் படித்துக்கொண்டு போய், அந்த இடத்தில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. முகவரி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பயன்படும்.

ஆக என் கணக்கில், அந்தச் சிலந்தியைக் கொன்றதற்குக் காரணம் இருக்கிறது, காரணம் இருப்பதால் கடன் தீர்ந்துவிடவில்லை. எடுத்த உயிரை வைத்துக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தால், அதாவது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, ஏன் இல்லை என்று தேடியிருந்தால், அது கொஞ்சமாவது திருப்பிக் கொடுத்தது. டானாவ் கிராங்கில் தோட்டம் வரைக்கும் போய்த் தேடியதை அதனால்தான் மதிக்கிறேன். பெயரை மட்டும் அச்சில் ஏற்றிவிட்டு அடுத்த புட்டிக்குப் போவது வேறு வேலை.

அதே 2014-இல் ஈப்போ பக்கம் குனோங் கந்தானில் ஒரு சின்ன நத்தைக்கு வெர்மூலனும் மர்சுக்கியும் பெயர் வைத்தார்கள்: சரோப்பா லஃபார்கேய். அந்தச் சுண்ணாம்புக் குன்றில் சிமெண்டுக்காகக் கல் உடைத்துக்கொண்டிருந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயர் அது. நத்தை அந்த ஒரு குன்றில் மட்டும்தான் அறியப்பட்டிருந்தது. இனி அந்த நத்தை எங்கே என்று யார் கேட்டாலும், கேள்வியிலேயே கம்பெனியின் பெயரும் சேர்ந்து வரும்.