எலும்பிடம் கேள்வி கேட்பவர் யார்?

எங்கள் தெருவிலிருந்து படித்துப்போன தம்பி ஒருத்தன் ஆய்வுக்கூடத்தில் பழைய எலும்புகளோடு வேலை செய்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தப்போ சொன்னான்: “மனுச எலும்பு, மாட்டெலும்பு ரெண்டும் வருதுண்ணே. தண்ணி கலந்த ஆசிட்ல ஊறப்போட்டு குளுருல வச்சா, கொஞ்ச நாள்ல சுண்ணாம்பெல்லாம் கரஞ்சிரும். மிச்சம் ரப்பர் மாதிரி வளையும். எங்க தாத்தா மாட்டெலும்பு பொறுக்குனா தீட்டுன்னானுங்க. நான் கையுறை போட்டுத் தொட்டா ஆராய்ச்சிங்கிறானுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலும்பு வெறும் சுண்ணாம்பு அல்ல. புது எலும்பின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கொலாஜன் என்கிற புரதம். புது எலும்பென்றால் முதலில் கொழுப்பைப் போக்க வேண்டும். மண்ணில் கிடந்ததென்றால் மண்கறையைக் காரத்தால் கழுவ வேண்டும். ஆசிட்டில் தங்கிய மிச்சத்தை, லேசாக ஆசிட் சேர்த்த வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சு மாதிரிக் கொஞ்சம் கிடைக்கும். எலும்பைக் காய்ச்சிப் பசை எடுத்தவர்களின் வேலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கொலாஜன் என்ற பேரே, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தப் பஞ்சிலுள்ள கார்பனும் நைட்ரஜனும், செத்தவர் எந்தக் காலத்தவர், கடல் உணவைத் தின்றாரா நிலத்து உணவைத் தின்றாரா என்று சொல்லும்.

ஆனால் கரைத்த துண்டு திரும்ப வராது. திரும்ப வராத ஒன்றை எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது? செத்தவருக்கு வாயில்லை.

1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கென்னவிக் அருகே ஆற்றங்கரையில் ஒரு மனிதரின் எலும்புகள் கிடைத்தன. மண்டையோட்டைப் பார்த்து ‘ஐரோப்பியச் சாயல்’ என்றார்கள். கையெலும்பின் காலக்கணிப்போ அவர் எட்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியவர் என்றது. அவ்வளவுதான், வெள்ளையரே இங்கு முதலில் வந்தவர் என்று பேச ஒரு கூட்டம் கிளம்பியது. ‘அவர் எங்கள் முன்னோர், மண்ணில் வைக்கணும்’ என்று உமாட்டில்லா உள்ளிட்ட பூர்வகுடிகள் கேட்டார்கள். எட்டு விஞ்ஞானிகள் வழக்குப் போட்டார்கள். 2004இல் மேல்முறையீட்டிலும் அவர்களே வென்றார்கள். கோல்வில் பூர்வகுடிகள் தங்கள் மாதிரிகளையும் கொடுத்து, 2015இல் வெளியான மரபணு ஆய்வு, அவர் இன்றைய பூர்வகுடிகளுக்கே நெருங்கியவர் என்று காட்டியது. 2017இல்தான் மண்ணுக்குப் போனார். இருபது வருஷமாக அந்த மக்கள் சொன்ன சொல், ஆய்வுக்கூடம் சொன்ன பிறகுதான் சொல்லாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அதனால் விஞ்ஞானமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? என்னால் முடியாது. அந்தப் பொய்யை உடைத்ததும் ஆய்வுக்கூடம்தான். நமக்குச் செப்பேடு இல்லை. நம் பாட்டிகளின் பசியை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. எங்காவது இருந்தால் எலும்பில்தான் இருக்கும். நம்மைத் தரம் பிரிக்க மூக்கை அளந்தார்கள். 1948இல் வந்த ‘தீண்டப்படாதார் யார்’ நூலில், அதே மாதிரி மூக்களவுக் கணக்குகளை எடுத்துத்தான், பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனமல்ல என்று அம்பேத்கர் வாதிட்டார். அளவுகோலை அவர் வீசி எறியவில்லை. கேள்வியை மாற்றினார்.

நியூயார்க்கில் அப்படிச் செய்தார்கள். 1991இல் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது, அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். கறுப்பு மக்கள் போராடி, ஆய்வை ஹோவார்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எப்படி எதிர்த்தார்கள் என்பவை அந்த மக்களோடு கலந்து பேசி வைத்த கேள்விகள். 2003இல் மரியாதையோடு திரும்பப் புதைத்தார்கள்.

என் நிலைப்பாடு இதுதான். எலும்பைத் தொடுவது பாவமும் இல்லை, தீட்டும் இல்லை. ஆனால் பதிலால் யார் தலை குனியுமோ, யார் தலை நிமிருமோ, அவர்கள் இல்லாத அறையில் கேள்வி தயாராவது அநியாயம். வாரிசு தெரியாத எலும்பென்றால் அந்த மண்ணில் இருக்கிற மக்களையாவது கூப்பிட்டுக் கேட்கணும்.

தம்பியிடம் கேட்டேன்: “அதுல மனுச எலும்பு யாருதுடா?”

“நம்பர்தாண்ணே ஒட்டியிருக்கும்.”

“எந்த ஊர்ல தோண்டுனாங்க? ஊர்க்காரங்கள யாராச்சும் கேட்டாங்களா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “கேட்டுட்டு வந்து சொல்றேண்ணே” என்றான்.